அன்றாடப் பொருள்களில் பண்ணையின் பெயர்

கிராமத்தில் ஓரளவு நிலமுள்ள குடியானவர் ஒருவரின் வீட்டிற்குள் சென்று பார்ப்போர்க்கு ஒரு விஷயம் எளிதிற் புலனாகும். சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் உரக்கடையின் பெயர் அச்சாகியிருக்கும். ஆணியில் மாட்டிய பையில் ஜவுளிக்கடையின் பெயர் காணப்படும். வெயிலுக்குத் தலையில் வைக்கும் தொப்பி விதைக் கம்பெனியார் இனாமாக அளித்ததாயிருக்கும். நகைக்கடை, சிமெண்டுக் கடை, பூச்சிமருந்துக் கடை ஆகிய யாவர் பெயரும் அவ்வீட்டில் இடம் பெற்றிருக்க, அவ்வீட்டாரின் உழைப்பில் விளைந்த அரிசியும் கடலையும் வெல்லமும் மட்டும் வெளியே செல்லும்போது பெயரின்றியே செல்கின்றன. அன்றேல், வேறொரு ஆலையின் பெயர் தாங்கிய பழஞ்சாக்கில் செல்கின்றன. பிறர் சரக்கிற்கு விளம்பரமாகத் தம் வீட்டுச் சுவரையும் தோளையும் தலையையும் ஈந்தவர், தம் சரக்கிற்கு ஒரு முழத் துணியையும் ஈயவில்லை என்பது யோசிக்கத்தக்கது.

அன்றாடம் கையாளும் பொருளில் வியாபாரத்தின் பெயரைப் பொறித்து வாடிக்கைக்காரருக்கு அளிக்கும் முறையை விவசாயிகள் எந்த அளவிற்கு மேற்கொள்ளலாம் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். இது எல்லா விவசாயிகளுக்கும் உரியதன்று. நெல்லை அரசுக் கொள்முதல் நிலையத்தில் அளப்பவருக்கும், மஞ்சளையும் பருத்தியையும் ஏலத்தில் விடுபவருக்கும் இதனால் பிரயோஜனம் சிறிதும் இல்லை. அங்கே தரமும் எடையுமே பேசும். விளைந்ததை அரிசியாகவோ, செக்கெண்ணெயாகவோ, வெல்லமாகவோ, பருப்பாகவோ ஆக்கி, உண்பவரிடமே நேராக விற்பவர்களுக்கும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குமே இது பயன்படும். 1999 ஆம் ஆண்டு நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது முதல், உண்பவரை நேரிற் காணும் வாய்ப்பு பல விவசாயிகளுக்குக் கிடைத்துள்ளது. ஆயினும் சந்தையில் ஒருவரிடம் அரிசி வாங்கி உண்டு மகிழ்ந்தவர், அடுத்த மாதம் அவரைத் தேடி வந்து, ஆளும் தெரியாமல் ஊரும் தெரியாமல் திரும்புவது உண்டு. நல்ல சரக்கை விளைவித்தவருக்கு இதைவிட வீணான நஷ்டம் வேறில்லை.

துண்டு நோட்டீசு அச்சிட்டு வழங்கினால் போதாதா என்று சிலர் கேட்பர். நோட்டீசு ஒருமுறை வாசிக்கப்பட்டு எறியப்படும். பெரும்பாலும் வாசிக்கப்படாமலே எறியப்படும். சுவரெழுத்தோ, உரியவர் அனுமதியின்றி எழுதினால் சட்ட விரோதமாகும். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுக்கும் விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் இம்மாநிலத்தில் 1959 ஆம் ஆண்டிலிருந்தே உள்ளதைக் கிராம அலுவலர்கள் அறிவர். அன்றாடப் பொருளோ தன் உபயோகத்தின் பொருட்டே வீட்டில் வைத்துக்கொள்ளப்படுகிறது. பெயர் அதன்மேல் ஏறிச் சவாரி செய்கிறது. ஆகவே பொருள் முதலாவது, பெயர் இரண்டாவது. இவ்வரிசையை மாற்றியவர்களே பணத்தை இழக்கின்றனர்.

இதற்கு அமெரிக்க நாட்டு மாவு ஆலைகளின் அநுபவம் சிறந்த சான்றாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு மாவும் கால்நடைத் தீவனமும் மரப்பீப்பாய்களை விட்டுப் பருத்திப் பைகளில் வரலாயின. ஆலையின் பெயரும் முத்திரையும் பையின்மேல் பெரிய எழுத்துக்களில் அழுத்தமாக அச்சிடப்பட்டிருந்தன. பண்ணை வீட்டுப் பெண்மணிகள் காலியான பையை எறியாமல், தையல் பிரித்துத் துவைத்து, துண்டாகவும், தலையணை உறையாகவும், குழந்தைகளின் உடையாகவும் தைத்துக்கொண்டனர். மை எளிதிற் போகாமையால் குழந்தையின் உள்ளாடையில் மாவுக் கம்பெனியின் பெயர் தெரிந்து நகைப்பிற்கு இடமாயிற்று. எழுத்து இன்னும் பெரிதாயிருந்தால் நலம் என்று ஆலையார் கருதியிருக்கலாம். ஆனால் அறிவுடையோர் அதற்கு நேர்மாறாகச் செய்தனர். துவைத்தால் போய்விடும் மையை உபயோகித்தனர். பின்னர்ப் பெயரைக் காகிதச் சீட்டில் அச்சிட்டு ஒட்டினர். பைத்துணியிலோ பூவும் கொடியும் கட்டமும் அச்சிட்டனர். 1920-களின் நடுவில் தொடங்கிய இவ்வழக்கம், 1930-களின் பஞ்ச காலத்தில் நாடெங்கும் பரவியது. நூறு பவுண்டு தீவனப் பைகள் மூன்று சேர்ந்தால் பெரியவர் ஒருவருக்கு ஓர் உடை என்பது பொதுக் கணக்கு. ஒரே மாதிரிப் பூத்துணி மூன்று கிடைக்க வேண்டுமென்று, மாதிரித் துண்டைக் கொடுத்துக் கணவன்மாரைத் தீவனக் கடைக்கு அனுப்பினர் இல்லத்தரசியர். இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் விலை குறைந்த காகிதப் பை வந்து, 1950-களில் துணிப்பை மெல்ல மறைந்தது.

பையிலிருந்து பெயர் அழிந்தபோது சரக்கு அதிகம் விற்றது என்பதே இதிற் கவனிக்கத்தக்கது. வாங்குவோர் நினைவில் வைத்தது எழுத்தையன்று. அத்துணி தமக்குச் செய்த உபகாரத்தை.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று இல்லாமற் போகவில்லை. கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) என்னும் ஓவியரும் அவருடைய மாணாக்கரும் தீட்டிய தெய்வப் படங்கள் நாள்காட்டிகளில் அச்சாகி வந்தன. ஆண்டு முடிந்து தேதித் தாள்கள் தீர்ந்த பின்னும் மக்கள் படத்தை எறியாமல் கண்ணாடி போட்டுப் பூசையறையில் மாட்டினர். படத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த கடையின் பெயரும் உடன் தங்கிற்று. கடையே மூடிய பின்னும் பெயர் சுவரில் இருந்த வீடுகள் உண்டு. அக்கடைக்காரர் தம் பெயரைப் படத்தின் நெற்றியில் பெரிதாக அச்சிட்டிருந்தால் மார்கழி முடிவில் அது அடுப்பங்கரைக்குச் சென்றிருக்கும்.

இனி, விவசாயிகளுக்கு மிகவும் ஏற்றது துணிப்பையே. மஞ்சள் தோய்த்த துணி மங்கலமானது என்னும் கருத்தினால் திருமணங்களில் தாம்பூலம் இட்டுக் கொடுக்க மஞ்சட்பை வழங்குவது நம்மவர் மரபு. மணமக்கள் பெயரும் தேதியும் ஊரும் அதில் அச்சாகியிருக்கும். ஜவுளிக்கடைக்காரர்கள் இதைக் கண்டே தம் பெயரிட்ட மஞ்சட்பைகளை வழங்கினர். பின்னர்ப் பிளாஸ்டிக் பை வந்து, மஞ்சட்பை ஏந்துவது பட்டிக்காட்டு அடையாளம் என்று எள்ளப்பட்ட காலமும் இருந்தது. 2019 ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல், ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. எனவே, எள்ளப்பட்ட பை இன்று பெருமையுடன் ஏந்தப்படுகிறது. இத்தருணத்தைக் கடைக்காரர்களுக்கே விட்டுவிடாமல் விவசாயிகளும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

பை வாங்குவதில் ஏமாற்றம் மிகுதி. துணிப்பை என்ற பெயரில் விற்கப்படும், நெய்யப்படாத மெல்லிய பைகள் உண்மையில் பிளாஸ்டிக் இழைகளை அழுத்திச் செய்தவை. இவையும் மேற்கண்ட தடைக்கு உட்பட்டவை. அறியாமல் இவற்றில் பெயர் அச்சிட்டு வழங்கும் விவசாயி, தம் குற்றத்திற்குத் தாமே கையொப்பமிட்டவர் ஆவார். ஓர் ஓரத்தைக் கிள்ளித் தீயிற் காட்டினால் உண்மை விளங்கும். பருத்தியானால் காகிதம் எரியும் மணம் வீசிச் சாம்பலாகும். பிளாஸ்டிக்கானால் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும். வெளுக்காத காடாத் துணியே போதுமானது. ஐந்து கிலோ அரிசியைச் சுமந்து பேருந்தில் இரண்டு மணி நேரம் செல்லும் அளவிற்குக் கைப்பிடி உறுதியாயிருக்க வேண்டும். பிடியின் அடியைக் குறுக்கும் நெடுக்குமாக இரட்டைத் தையலிடச் சொல்ல வேண்டும். பிடி அறுந்து அரிசி தெருவிற் சிந்தினால், சிந்திய இடத்தில் எல்லோர் கண்ணிலும் படுவது பண்ணையின் பெயரே. நூறு பைகளுக்கு ஆணையிடுமுன் மாதிரிப் பை ஒன்றை வாங்கிச் சவுக்காரமிட்டு மூன்று முறை துவைத்து, மை நிற்கிறதா, சாயம் பிற துணியில் ஏறுகிறதா என்று பார்த்துவிடுவது நலம். மகளிர் சுயஉதவிக் குழுவினர் தையல் வேலை செய்யும் ஊர்களில் அவர்களிடமே தைத்துக்கொள்ளலாம். குறை கண்டால் உடனே திருத்தவும் வசதி.

பையின்மேல் எழுத வேண்டியது சிறிதே. பண்ணையின் அல்லது நிறுவனத்தின் பெயர், ஊரும் வட்டமும், விற்கும் சரக்கு, அது புதிதாகக் கிடைக்கும் மாதம், தொலைபேசி எண் ஆகியவை போதும். கிடைக்கும் மாதத்தைப் பலர் விட்டுவிடுகின்றனர். ஆனால் பருவத்திற்கேற்ப விற்கும் விவசாயிக்கு அதுவே மிக அவசியமானது. உரிமையாளரின் படம், அவர் பெற்ற பட்டங்கள், தலைவர்களின் திருவுருவங்கள் முதலியவை வேண்டா. தேசக் கொடி, அரசு முத்திரை, காந்தியடிகளின் பெயர் அல்லது படம் ஆகியவற்றை அனுமதியின்றி வியாபாரத்திற்கு உபயோகிப்பதை 1950 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஊராட்சியின் முத்திரையைத் தனியார் பையில் இடக் கேட்டு வருவோர்க்குக் கிராம அலுவலர்கள் இசையலாகாது.

செலவுக் கணக்கைப் பார்ப்போம். பை ஒன்று அச்சுக் கூலி உட்பட 40 ரூபாய் ஆகிறதென்றும், அரிசியில் எல்லாச் செலவும் போகக் கிலோவுக்கு 5 ரூபாய் நிற்கிறதென்றும் வைத்துக்கொண்டால், 8 கிலோ விற்றால்தான் பையின் விலை திரும்பும். மாதந்தோறும் 10 கிலோ வாங்கும் குடும்பத்திடம் இது முதல் மாதத்திலேயே திரும்பிவிடும். வழியிற் கண்டு ஒரு கிலோ வாங்கிச் செல்பவரிடம் திரும்பவே திரும்பாது. ஆகையால் வந்தவர்க்கெல்லாம் பை கொடுப்பது தாராளமாகத் தோன்றினும் வியாபாரமாகாது. இரண்டாம் முறை தேடி வருபவருக்கே கொடுப்பது தகும். அவர் சரக்கை உண்டு பார்த்தவர், பிறரிடம் சொல்லவும் கூடியவர். வாரம் இருமுறை சந்தைக்குச் செல்லும் குடும்பத்தில் அப்பை ஆண்டிற்கு நூறு முறைக்கு மேல் வெளியே போய் வரும். ஒரு முறை வெளியே போவதற்கு 40 காசுக்கும் குறைவான செலவே ஆகிறது. இதற்கு ஈடான விளம்பரம் வேறெதுவும் சிறு விவசாயிக்குக் கிட்டாது.

பாரம்பரிய நெல் வகைகளைப் பயிரிடுவோர் பையினும் பயனுள்ள மற்றொரு பொருளைக் கருதலாம். அது சமையலறையில் அரிசி அளக்கும் ஆழாக்கு. மாப்பிள்ளைச் சம்பா போன்ற கெட்டியான சிவப்பரிசியைப் பொன்னி அரிசியைப்போல் களைந்து உடனே உலையில் இட்டால் வேகாது. பல மணி நேரம் ஊறவும் வேண்டும், தண்ணீரும் கூட வேண்டும். இதை அறியாத நகரத்து இல்லத்தரசி ஒருமுறை வாங்கி, சோறு கல்லாய் இருப்பதைக் கண்டு, மறுமுறை அந்தப் பக்கமே திரும்புவதில்லை. பழிக்கு உள்ளாவது நெல்லும் அதை விளைவித்தவரும். ஆழாக்கின் வெளிப்புறத்தில் பண்ணையின் பெயருடன், எவ்வளவு நேரம் ஊற வேண்டும், ஓர் ஆழாக்கு அரிசிக்கு எத்தனை ஆழாக்குத் தண்ணீர் என்பதையும் பொறித்துக் கொடுத்தால் இக்குறை தீரும். அளவைத் தம் வீட்டில் சமைத்துப் பார்த்தே நிர்ணயிக்க வேண்டும். ஒரே வகை நெல்லாயினும் புத்தரிசிக்கும் பழவரிசிக்கும், தீட்டிய அளவிற்கும் ஏற்பத் தண்ணீர் வேறுபடும். இவ்வாழாக்கு சமையலுக்கு மட்டுமே. எடையளவுத் துறையார் முத்திரையிடாத அளவையை விற்பனையில் உபயோகிப்பது குற்றமாகும்.

நாள்காட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டின் மாதிரிப் புத்தகங்களை வெளியிடுவது வழக்கம். அப்போதே ஆணையிடுவோர்க்கு மார்கழிக்குள் தாமதமின்றிக் கிடைக்கும். ஆயினும் ஒரு வீட்டுச் சுவரில் நாள்காட்டிக்கு உள்ள இடம் சிறிது. அதற்குப் போட்டியோ பெரிது. தனி விவசாயி இதிற் பணம் இறைப்பதைவிட, உற்பத்தியாளர் நிறுவனம் உறுப்பினர் அனைவர் சார்பிலும் ஒன்று வெளியிட்டு, அட்டையில் எம்மாதம் எச்சரக்கு அறுவடையாகும் என்னும் விவரத்தையும் அச்சிடுவது உசிதம். பேனா, சாவிக்கொத்து, கண்ணாடிக் குவளை முதலியன பெரிய கம்பெனிகளுக்கு உரியவை. அரிசி விற்பவர் சாவிக்கொத்து கொடுப்பதில் பொருத்தம் ஏதும் இல்லை.

பெயர் பொறிப்பதில் உள்ள ஆபத்தையும் மறைக்கலாகாது. பெயரில்லாத அரிசியில் வண்டு விழுந்தால் வாங்கியவர் சந்தையைச் சபிப்பார். பெயருள்ள பையில் வண்டு விழுந்தால் ஊரையும் பேரையும் சொல்லிச் சபிப்பார். பையும் ஆண்டுக்கணக்கில் அவர் வீட்டிலேயே தொங்கி அக்குறையை நினைவூட்டிக்கொண்டிருக்கும். ஆகவே பைக்கு ஆணையிடுமுன் சரக்கைச் சீராக்க வேண்டும். அரிசியின் ஈரப்பதம் 14 சதவிகிதத்திற்கு மேற்படலாகாது. அதிலும் குறைவாயிருப்பின் வைப்பிற்கு நல்லது. கடலையைக் காயோடு எட்டு, ஒன்பது சதவிகிதம் வரை உலர்த்தாமல் சேமித்தால் பூஞ்சணம் பிடித்து நச்சு உண்டாகும். கல்லும் குருணையும் நீக்கி, எடை ஒரு கிராமும் குறையாமல் நிறுத்தல் வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாதவர் பெயர் பொறியாமல் இருப்பதே அவருக்கு லாபம்.

பழஞ்சாக்கு உபயோகத்தை அறவே விடுதல் வேண்டும். பிற ஆலையின் பெயருள்ள சாக்கில் தம் அரிசியை அடைத்து விற்பது, அறியாமல் செய்யினும், பிறர் வணிகக் குறியைக் கையாளும் குற்றமாக முடியக்கூடும். உரச்சாக்கிலும் பூச்சிமருந்துப் பெட்டியிலும் உணவுத் தானியத்தை வைப்பதோ உயிருக்கே அபாயமானது. அன்றியும், பெயருள்ள விதைப் பைகளையும் உரச்சாக்குகளையும் கிழிக்காமல் பழைய சாமான்காரரிடம் விற்பதால், அவை போலிச் சரக்கு நிரப்புவோர் கையிற் சென்று, திரும்ப விவசாயியிடமே வந்து சேர வழியுண்டு. காலியானவுடன் அச்சிட்ட பக்கத்தை நெடுகக் கீறிவிடுவது ஒரு நிமிஷ வேலை. விதைப் பையின் சீட்டையும் ரசீதையும் மட்டும் அறுவடை வரை பத்திரப்படுத்த வேண்டும்; முளைப்புக் குறைந்தால் முறையிட அவையே ஆதாரம்.

சட்ட சம்பந்தமான சில விஷயங்கள் உள. சரக்கைச் சுமந்து செல்லக் கொடுக்கும் பை வேறு. சரக்கை முன்கூட்டியே எடையிட்டு அடைத்து மூடி விற்கும் பொட்டலம் வேறு. பொட்டலமாயின், அடைப்பவரின் பெயர், முகவரி, நிகர எடை, அடைத்த மாதம், அதிகபட்ச விற்பனை விலை முதலிய விவரங்களை 2011 ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி அச்சிட வேண்டும். எண்ணெய், வெல்லம் முதலிய பக்குவப்படுத்திய உணவுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம் பெற்று அந்த எண்ணையும் காட்ட வேண்டும். அச்சு மை உணவில் படாதபடி உட்பக்கம் தூயதாயிருத்தல் அவசியம். செய்தித்தாளில் உணவைப் பொதிவது கூடாதென 2018 ஆம் ஆண்டுப் பொட்டல விதிகள் கூறுகின்றன. ஒருமுறை உபயோகித்த தகரத்தில் சமையல் எண்ணெயை மறுபடி அடைத்து விற்பதும் விதிக்கு மாறானது.

புகழ் பெற்ற ஊர்ப் பெயர்களைக் கையாள்வதிலும் ஜாக்கிரதை வேண்டும். மதுரை மல்லி 2013 ஆம் ஆண்டிலும், ஈரோட்டு மஞ்சள் 2019 ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. அப்பகுதியில் உண்மையாகவே விளைவிப்போர் 'அங்கீகரிக்கப்பட்ட உபயோகிப்பாளர்' என்று தம்மைப் பதிவு செய்துகொண்டு அக்குறியைப் பையில் இடலாம். பதிவின்றி இடுவதும், வேற்றூர் மஞ்சளுக்கு அப்பெயரைச் சூட்டுவதும் தவறு. 1937 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் அக்மார்க் முத்திரைக்கும் அவ்வாறே அனுமதிச் சான்று வேண்டும். பண்ணையின் பெயரையே வணிகக் குறியாகப் பதிவு செய்ய விரும்புவோர் சென்னையிலுள்ள வணிகக் குறிப் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கில் பை அச்சிட்ட பின் அதே பெயரில் வேறொருவர் முன்பே பதிவு செய்திருப்பதை அறிந்து வருந்துவதைவிட, அச்சிற்குக் கொடுக்குமுன் பதிவேட்டைத் தேடிப் பார்த்துவிடுவது செலவில்லாத காரியம்.

பை வழங்கத் தொடங்குபவர் அதற்கெனத் தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். பையின் உட்புற மடிப்பில் அழியாத மையால் வரிசை எண் இட்டு, எந்த எண் யாருக்கு, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்பதைக் குறித்துவைத்தல் வேண்டும். அப்பையுடன் அவர் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் எண்ணின் எதிரே ஒரு கோடு போட்டால் போதும். ஆறு மாதம் சென்றபின் ஏட்டைப் புரட்டினால், நூறு பைகளில் எத்தனை திரும்பின, எவை ஒருமுறையும் வரவில்லை, எந்தத் தெருவிலிருந்து புதிய வாடிக்கைக்காரர் மிகுதியாக வந்தனர் என்பன தெளிவாகும். கிழிந்த பையைக் கொண்டுவருவோர்க்குப் பழைய எண்ணையே இட்டுப் புதுப்பை கொடுத்து, பழையதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அறுந்த இடம் எது என்று பார்த்து, அடுத்த முறை தையற்காரரிடம் அவ்விடத்தைக் காட்ட அது உதவும்.